மூன்று கதவுக்கும் ஒரே கூரை

உலகத்தில் எல்லாரும் வீட்டைக் கட்டிவிட்டு அதற்குக் கூரை போடுவார்கள். எங்கள் அப்பா கூரையை வாங்கிவிட்டு அதற்கு வீடு கட்டினார். எங்கள் தீவில் ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊருக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு பழைய சர்க்கரை ஆலையை மூடிப் பிரித்துப் போட்டபோது, அதன் உத்திரங்களையும் தகரங்களையும் அப்பா சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தார். அவர் தச்சர். நல்ல மரத்தைக் குறுக்கே அறுப்பதென்றால் தன் விரலை அறுப்பது மாதிரி அவருக்கு. ஆகவே உத்திரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு வீடு எழும்பியது. எழும்பிய பிறகுதான், இத்தனை நீளமான வீட்டில் நாங்கள் மூன்று பேர் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அம்மாதான் கேட்டிருப்பாள். அப்பாவுக்கு அப்படிப்பட்ட கேள்விகள் தோன்றுவதில்லை.

வீட்டை மூன்றாகத் தடுத்து, மூன்று கதவு வைத்து, முதல் கதவுக்குள் நாங்கள் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டார். தடுப்புக்குப் பலகை போதவில்லை. சுவர்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டன. அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் காற்றுதான். அதனால் ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் வாழ்த்தினார்கள். நான் அடிவாங்கும்போது மூன்று வீட்டுக்கும் தெரிந்தது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நடுக் கதவில் ஒரு முஸ்லிம் தையற்காரர், தனி ஆள். அவரை நான் சாச்சா என்று கூப்பிடுவேன். கடைசிக் கதவில் ஒரு மீன்காரரும் அவர் மனைவியும். அவர்களை தொந்தொன், தாந்தின் என்று கூப்பிடுவேன். எங்கள் ஊர்க் கிரியோல் மொழியில் மாமாவுக்கும் அத்தைக்கும் அதுதான் பெயர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் தொந்தொனின் பாட்டனாரும் எங்கள் முன்னோரைப் போலக் கரும்பு வெட்டக் கப்பலில் வந்த தமிழர்தான் என்று அப்பா சொல்வார். தொந்தொன் தினமும் விடியுமுன் சைக்கிளில் கடலோரத்துச் சுயாக் ஊருக்குப் போய், படகிலிருந்து இறங்கும் மீனை வாங்கி, பிரம்புக் கூடையில் ஐஸ் போட்டு நிரப்பி, கொம்பு ஊதிக்கொண்டே ஊர் ஊராக விற்றுவிட்டுப் பிற்பகலில் திரும்புவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குத் தலை வாருவது, பேன் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் நெற்றியில் எலுமிச்சை இலை வைத்துக் கட்டுவது எல்லாம் தாந்தின்தான். அம்மாவுக்கு அதில் பொறாமை இல்லை. கை மிச்சம் என்றே சந்தோஷப்பட்டாள்.

மூன்று கதவிலும் பேசியது கிரியோல். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதற்கும் திட்டுவதற்கும் மட்டும் தமிழைப் பத்திரமாக வைத்திருந்தோம். இப்போது எழுதும்போது எல்லார் பேச்சையும் ஏறக்குறையத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அவர்கள் பேசியது இதைவிட நன்றாக இருந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும். உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முந்திய தைப்பூசத்தில் அப்பாவுக்கு ஒரு பெரிய அவமானம் நேர்ந்தது. எங்கள் தீவில் காவடி எடுப்பவர் செம்பில் பால் கொண்டுபோய்க் கோயிலில் அபிஷேகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆற்றங்கரையில் விடிகாலையில் கட்டிய பால், உச்சி வெயிலில் நடந்து கோயில் சேரும்வரை திரியாமல் இருந்தால் விரதம் சுத்தம். திரிந்திருந்தால் எங்கேயோ குற்றம். அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள், இன்றும் பலர் நம்புகிறார்கள். அப்பாவின் செம்பைத் திறந்தபோது பால் கட்டிகட்டியாக விழுந்தது. ஊரே பார்த்தது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒருவர் அப்பாவின் மனசு சுத்தமில்லை என்றார். ஒருவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். கோயில் தலைவர்தான் அதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு எதையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவராவிட்டால் சாப்பாடு இறங்காது.

“ஒரே கூரைக்கு அடியில மீன் கூடையை வச்சுக்கிட்டு விரதம் இருந்தா, பால் எப்படி நிக்கும் தம்பி?” என்றார்.

அப்பா அந்த வருஷம் முழுவதும் இதை மென்றுகொண்டே இருந்தார். அடுத்த தைப்பூசத்துக்குக் கோயிலில் கொடி ஏற்றிய அன்று, தலைவர் அதே பேச்சை மறுபடி எடுத்தார். அப்பா எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், அதுவும் தமிழில், சொல்லிவிட்டார்: இந்தப் பத்து நாளும் என் கூரைக்கு அடியில் மீனும் கறியும் புகாது, அதற்கு மேலும் பால் திரிந்தால் மீன் கூடையோடு மூன்றாம் கதவைக் காலி பண்ணச் சொல்லிவிடுவேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவர் முகம் வாடியிருந்தது. கடைசிக் கதவு பக்கம் திரும்பாமல் உள்ளே போனார். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற பரம்பரை எங்களுடையது. அம்மாதான் போய் இரண்டு வீட்டுக்கும் செய்தி சொன்னாள். சாச்சா தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, “கறி இல்லாட்டி என்ன, பத்து நாள்தானே” என்றார். தொந்தொன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். தாந்தின் மட்டும், “பால் திரிஞ்சா?” என்றாள். அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அப்பாவின் சட்டத்தால் பட்டினி கிடந்தது யார் என்றால், ஒருவரும் இல்லை. குடியிருப்பவர்கள் வாயைக் கட்டிவிட்டு அவர்களுக்குச் சோறு போடாமல் இருப்பது பாவம் என்று அம்மா நினைத்தாள். ஆகவே மூன்று கதவுக்கும் அவளே சமைத்தாள். பூசணி, பருப்பு, பலாக்காய், வாழைக்காய், ரசம் என்று தினமும் ஒரு விருந்து. சாச்சா அந்தப் பத்து நாளில் தன் கால்சட்டையைத் தானே இரண்டு முறை பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டார். வாடகை வாங்குகிற வீட்டுக்காரி விடிந்ததிலிருந்து அடுப்படியில் வேக, வாடகை கொடுப்பவர்கள் இலை போட்டுக் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தபோது தாந்தினுக்குத்தான் சங்கடம். அவள் வழக்கப்படி வெள்ளிக்கிழமை கறி தின்னாமல் மீன் தின்றால் அது விரதம். எங்கள் வழக்கப்படி அதுவே விரத பங்கம். இரண்டு சாமிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வெறும் ரசச்சோறு தின்றாள்.

மீன் கூடை வெளிவாசலுக்கு அப்பால் ஒரு பலாமரத்தடிக்குப் போயிற்று. தொந்தொன் மீன் விற்று முடித்ததும் ஆற்றில் குளித்து, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு மாப்பிள்ளை மாதிரி வாசலுக்குள் நுழைவார். அவருடைய பூனை மட்டும் விரதத்துக்கு ஒத்துவரவில்லை. அது பலாமரத்தடிக்கே குடிபோயிற்று.

எல்லாம் விளையாட்டு மாதிரிதான் இருந்தது எனக்கு. ஒரு பிற்பகல் பாயில் படுத்திருந்தபோது கடைசி வீட்டுப் பேச்சு கூரை வழியாக வந்தது. சுயாக்கில் தன் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது, கேட்டுப் பார்க்கட்டுமா என்று தொந்தொன் கேட்டார். “பிள்ளைக்கு யாரு தலை வாருவாங்க?” என்றாள் தாந்தின்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, பால் என்றால் என்ன என்று. நான் எழுந்து ஓடிப்போய் அடுப்படியில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கேட்டதை எல்லாம் கொட்டினேன். அம்மா பலாக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. நறுக்கி முடித்து, கையில் ஒட்டிய பாலை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, “போன வருஷம் பால் ஏன் திரிஞ்சது தெரியுமா? வெயில்ல கெடந்துச்சு. அதான் திரிஞ்சது. இதச் சொன்னா ஒங்கப்பா சாமிக் குத்தம்னு என் மேல பாய்வாரு” என்றாள். நல்ல தமிழில் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்தது.

மறுநாள் தொந்தொன் திரும்பும் நேரம் பார்த்து அம்மா வெளிவாசலுக்குப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள். யாராவது கேட்டால் பிள்ளைக்குப் பூனையைக் காட்ட வந்ததாகச் சொல்வதற்கு.

“தொந்தொன், காவடி அன்னைக்கு விடியக்காலம் எனக்குக் கொஞ்சம் லாகிளாஸ் வேணும். மீன் தொடாத கட்டி” என்றாள். லாகிளாஸ் என்பது ஐஸ்.

“போன்தியே!” என்று தொந்தொன் கடவுளைக் கூப்பிட்டார். “மீன் கூடைக்குப் போடுற லாகிளாஸ் சாமிப் பாலுக்கா? மிசியே அறிஞ்சா என்ன ஆகும், மாதாம்?” மிசியே என்றால் ஐயா; அப்பாவைச் சொன்னார்.

“லாகிளாஸ் என்ன மீனா? தண்ணிதானே. அவரு ஆத்துத் தண்ணியில முங்கிட்டுத்தான் காவடியே எடுக்கிறாரு. இது கொஞ்சம் கெட்டியான தண்ணி, அவ்வளவுதான்.”

தொந்தொன் கொஞ்ச நேரம் தன் தொப்பியையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நானும் வைத்தேன்.

காவடி அன்று அப்பா இருட்டோடு எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் தொந்தொன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் மீன் வாங்கவே இல்லை. சுயாக் வரை போய் ஐஸ் மட்டும் வாங்கி வந்திருந்தார். அவரை மீன் கூடைச் சாக்கில் கட்டிவர விட மனமில்லாமல், தாந்தின் தன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளை மேசைவிரிப்பைக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஓரமெல்லாம் லேஸ் வைத்தது. பாதிரியார் வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருவது. கரும்புத் தோட்டத்தின் வழியாக அதில் ஐஸ் கட்டி பயணம் செய்து வந்திருந்தது. அம்மா ஐஸை உடைத்து வாளியில் போட்டு, கறந்த பாலைப் பித்தளைச் செம்பில் ஊற்றி வாழையிலையால் வாயைக் கட்டி அதற்கு நடுவே இறக்கி, மேலே அந்த விரிப்பையே போட்டு மூடினாள். வாளியை அவளும் சாச்சாவுமாக ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாச்சாவுக்கு எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பத்து நாள் தின்ற சோறு அவரைக் கேட்கவிடவில்லை.

ஆற்றங்கரையில் மேளம். சாம்பிராணிப் புகையும் கற்பூரமும் கண்ணைக் கரித்தன. அப்பா மஞ்சள் வேட்டியும் உடம்பெல்லாம் மஞ்சளுமாக நின்றார். பூசாரி அவர் நாக்கில் வெள்ளி வேலைக் குத்தியாயிற்று. இனிக் கோயிலில் அதை எடுக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேச முடியாது. அம்மா அதற்காகவேதான் அதுவரை காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா விரிப்பை விலக்கிச் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எங்கள் தீவில் தைதான் கோடை; வெயில் அப்போதே முதுகைச் சுட ஆரம்பித்திருந்தது. அப்பா இரண்டு கையாலும் செம்பை வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். செம்பைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். லேஸ் வைத்த விரிப்பைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா எதிர்க்கரையில் இருந்த கரும்பை, அதற்கு முன் கரும்பே பார்த்திராதவள் போலக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நானும் கண்ணை மூடிக் கையைக் கூப்பினேன்.

நான் கண்ணைத் திறந்தபோது செம்பு வியர்த்திருந்தது. வெளியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். ஒவ்வொரு காவடியாகப் பார்த்துக்கொண்டு கோயில் தலைவர் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். அப்பா சட்டென்று குனிந்து அந்த வெள்ளை விரிப்பை எடுத்தார். செம்பைச் சுற்றி ஒரு துளி இல்லாமல், கழுத்து, வயிறு, அடி எல்லாம் அழுத்தி அழுத்தித் துடைத்தார். கையில் இருந்த மஞ்சள் முழுவதும் விரிப்பில் ஏறியது. துடைத்து முடித்து அதைச் சுருட்டி என் கையில் திணித்து, வாளியைக் காலால் புதர்ப்பக்கம் தள்ளிவிட்டு, தலைவர் வந்து நின்றபோது தலைகுனிந்து காவடியில் செம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். தலைவர் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகையாக வந்தது. தாந்தினின் கல்யாண விரிப்பு! அதை அடுப்படித் துணி மாதிரி ஆக்கிவிட்டாரே என்று அப்பா மேல் ஆத்திரமாக இருந்தது. ஆனால் ஐஸ் ஈரத்தோடு அது சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தது மட்டும் நன்றாக இருந்தது.

தெருவெல்லாம் தார் கொதித்தது. காவடிக்காரர்களின் வெறுங்காலுக்காக வாசல்தோறும் ஜனங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் வீட்டு வாசலில் தொந்தொனும் தாந்தினும் ஊற்றினார்கள். தொந்தொன் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், அப்பாவின் காலடிக்குக் குனிந்து ஊற்றினார். அப்பா அங்கே நின்றார். மற்ற வாசல்களில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. பின்னால் வந்த காவடி இடித்த பிறகுதான் நகர்ந்தார்.

கோயிலில் செம்பின் வாழையிலையைப் பிரிக்கும்போது அம்மா என் தோளை இறுக்கினாள். நகம் பதிந்தது. பால் விழுந்தது. வெள்ளையாக, நூல் பிடித்த மாதிரி, ஒரு திரிசல் இல்லாமல் விழுந்தது. அரோகரா என்று சத்தம் எழுந்தது. அம்மா அழுதாள். சாமியை நினைத்து அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அப்பாவின் நாக்கிலிருந்து வேலை எடுத்ததும் தலைவர் வந்தார். வெற்றி தன்னுடையது என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

“பாத்தீங்களா தம்பி, மீனை வெளிய வச்சதும் பால் நின்னுருச்சு! இனிமே அந்தக் கூடையை உள்ள விடாதீங்க.”

அப்பா புண் நாக்கோடு மெல்ல மெல்லச் சொன்னார். “நான் கொடியேத்தம் அன்னைக்குச் சொன்னது என்ன? பால் திரிஞ்சா கூடை வெளிய. பால் திரியலையே. கூடை உள்ள வரும்.”

கேட்டுக்கொண்டு நின்றவர்கள், சொல் தவறாத மனிதர் என்று அப்பாவைப் புகழ்ந்தார்கள். அன்று பிற்பகல் மூன்று கதவுக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து வாழையிலையில் ஏழு வகைக் காய்கறியோடு விரதச் சாப்பாடு சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்ததும் அப்பா ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் பலாமரத்தடிக்குப் போய், காலிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கடைசிக் கதவின் முன் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். பூனை அவர் பின்னாலேயே வந்தது.

நான் விரிப்போடு தாந்தினிடம் போனேன். அதைப் பிரித்துக் காட்டும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நடுவில் மஞ்சள் மஞ்சளாகப் பெரிய கறை. ஒரு பக்கம் ஐந்து விரலும் தெரிந்தன.

“யாரு தொடச்சது?” என்றாள் தாந்தின்.

“அப்பாதான். செம்பு முழுசும் தொடச்சாரு. தலைவர் வர்றதுக்குள்ள அவசரம் அவசரமா தொடச்சாரு.”

“அவரேவா? அவர் கையாலயா?”

“ரெண்டு கையாலயும்.”

தாந்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தொந்தொனைக் கூப்பிட்டாள். அவர் வந்ததும் விரிப்பைக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய கறைக்குச் சிரிக்கிறார்களே, இவர்களுக்குப் பொருளின் அருமை தெரியவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்தக் கறையை அவள் வெளுக்கவே இல்லை. அடுத்த முறை பாதிரியார் வந்தபோதும் அதே விரிப்பைத்தான், கறை மேலே தெரியும்படி விரித்தாள். பழச்சாற்றுக் கோப்பையை அதன் மேல் வைக்கக்கூட விடவில்லை. அன்றைக்கு நான் பொறுக்க முடியாமல், எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று, அவள் காதோடு சொன்னேன்: “அப்பா மேல கோவிச்சுக்காதீங்க தாந்தின். மஞ்சள் கறை போகாதுன்னு அவருக்குத் தெரியாது.”

தாந்தின் என் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

“தெரியும், மோ தி ஃபி. அவருக்கு எல்லாம் தெரியும்” என்றாள். மோ தி ஃபி என்றால் ‘என் பெண்ணே’ என்று அர்த்தம்.

அவள் துணி வெளுப்பதைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தெரிந்தே இப்படிச் செய்த அப்பாவோடு நான் அன்று முழுவதும் பேசவில்லை.